சுவா வரை போன ஹாஜி

என் அண்ணன் ஹஜ்ஜுக்குப் போவதற்காகச் சேர்த்துவைத்திருந்த பணத்தை வைத்து நான் சுவாவுக்குப் பக்கத்தில் நசினுவில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கினேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் சம்மதிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் புறப்பட்ட வருடம் மக்காவுக்குப் போக முடியவில்லை. அதன் பிறகும் முடியவில்லை. போகாமலேயே இறந்துபோனார்.

இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது. வெகுகாலம் வேறு மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் பணத்தில் வீடு வாங்கவில்லை, பாங்கில் காட்டுவதற்காக மட்டும் வைத்தேன் என்பேன். நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். வார்த்தைகளை நறுக்கி வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். இதைத் தமிழில் எழுதுவதில்கூட ஒரு வசதி இருக்கிறது. என் பேரப்பிள்ளைகள் ஹிந்தியும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். இந்த எழுத்தை அவர்களால் வாசிக்க முடியாது. அந்த வசதியையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் அப்பா கிர்மிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் தவுவாவுக்குப் பக்கத்தில் குத்தகை நிலம் எடுத்துக் கரும்பு போட்டார். அந்தப் பக்கத்தில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பங்கள் கொஞ்சம்தான். அப்பா இறந்தபோது நான் சிறுவன். அண்ணன் பக்கத்திலிருந்த வட்டுகோலாவில் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பூமிக்கடியில் பாறையைத் துளைக்கும் வேலை. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் இந்துப் பிள்ளைகளோடும் கிறிஸ்தவப் பிள்ளைகளோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் கற்றேன். பிறகு பயிற்சி முடித்து சுவாவில் வாத்தியாரானேன்.

அண்ணனுக்கு ஹஜ் ஆசை எப்போது பிடித்தது என்று தெரியும். தவுவாவில் ஒரு பெரியவர் போய்விட்டு வந்தார். அவருடைய பெட்டியை பஸ்ஸிலிருந்து இறக்கி வீடுவரை சுமந்தது அண்ணன். அந்தப் பெரியவர் ஒரு சின்னக் குப்பியிலிருந்து மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாய் கொடுத்தாராம். "உப்பா இருந்துச்சி. ஆனா இன்னும் ஒரு வாய் குடுக்க மாட்டாரான்னு இருந்துச்சி" என்று அண்ணன் சொல்வார். அன்றிலிருந்து காசு சேர்க்கத் தொடங்கினார். மேல்வேலை கிடைத்தால் விடமாட்டார். அண்ணி ஒரு பெருநாளுக்காவது புதுச்சேலை கேட்டால், "வர்றப்ப மக்காவுலேர்ந்து வாங்கியாறேன்" என்பார். "அதுக்குள்ள எனக்குக் கஃபன் துணிதான் வாங்கணும்" என்று சவத்துணியைச் சொல்லி அண்ணி திருப்பிக் கொடுப்பாள்.

சுரங்கத்துக் குடியிருப்பில் எல்லா வீடுகளும் ஒன்றை ஒன்று ஒட்டியவை. பக்கத்து வீட்டில் திருட்டுப் போனது. அண்ணன் மறுநாளே பணத்தைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சுவாவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாலையாகியிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் பணத்தை மேசைமேல் வைத்தார்.

"எண்ணிக்கோ."

"எதுக்குண்ணே? நீங்க எண்ணினா போதாதா?"

"எண்ணிக்கோடா. நான் கடன் குடுக்கலே. இனாமும் குடுக்கலே. அமானிதம் வக்கிறேன். நான் கேக்கிற அன்னிக்கு இதே கணக்குல இங்கியே இருக்கணும்."

"பாங்குல போட்டு வைக்கட்டுமா?"

"பாங்கா? அவன் வருசாவருசம் நாலு காசு வட்டியப் போட்டு மொத்தத்தயும் அசிங்கம் பண்ணிடுவான். மக்காவுக்குப் போற காசு அது. ஒன் பீரோவுல சட்டைக்கடியில கெடக்கட்டும்."

"இவரு சட்டைக்கடியிலயா? நல்ல எடம்தான். இருக்கிறதே ரெண்டு சட்டை" என்று என் மனைவி சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். அதன் பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

அமானிதம் என்றால், நம்பி ஒருவரிடம் ஒப்படைத்த பொருள். வைத்திருப்பவர் அதைத் தொடக்கூடாது. திருப்பிக் கேட்டால் கேட்ட நேரத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களில் படிக்காதவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் எனக்குச் சம்பளத்தின்மேல் ஒரு சலிப்பு வந்திருந்தது. முதல் தேதி வாங்குவதும் கடைசி வாரத்தில் கடைக்காரரிடம் நிற்பதுமாகவே என் வாழ்க்கை போய்விடும் என்று தோன்றியது. என்னோடு வேலைபார்த்த ஒரு வாத்தியார் ஒரு பழைய வீட்டை வாங்கி, அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார். மாதம் பிறந்தால் அவருக்கு இரண்டு இடத்திலிருந்து காசு. இடைவேளையில் அவர் தேநீர் குடிக்கும் விதமே மாறியிருந்தது. நான் பொறாமைப்பட்டேன். இதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

நசினுவில் அப்போது புதரும் சேறும்தான் அதிகம். ஆனால் சுவாவில் வேலை பார்ப்பவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் பஸ் ஓடுகிற சாலையை ஒட்டி இடம் தேட ஆரம்பித்திருந்தார்கள். மரச்சுவரும் தகரக்கூரையுமாக ஒரு வீடு விலைக்கு வந்தது. நடுவில் பலகை அடித்து இரண்டு குடித்தனங்களாகப் பிரித்திருந்தார்கள். நிலம் குத்தகை, வீடு மட்டும்தான் விலை. போய்ப் பார்த்தேன். படிக்கட்டில் நின்றுகொண்டு, இரண்டு வாடகையையும் கூட்டிப் பார்த்தேன். கழிப்பதற்கு என்னென்ன இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

பாங்கு மானேஜர் வெள்ளைக்காரர். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விலையில் மூன்றில் ஒரு பங்கை நான் போட வேண்டும், மீதிக்குக் கடன் தரலாம் என்றார். என் சேமிப்பும் என் மனைவியின் வளையல்களும் சேர்ந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். நான் எழுந்திருக்கப் போனேன். அவர் உட்காரச் சொன்னார்.

"குடியிருப்பவர் திடீரென்று காலிசெய்துவிட்டால் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வேறு ஆள் வைப்பேன்."

"அந்த ஆள் வரும்வரை? புயலில் கூரை போனால்? குத்தகைப் பணமும் வரியும் ஒரே மாதத்தில் வந்தால்?"

வீட்டை வாங்குவதற்கு வேண்டிய பணம் வேறு, வாங்கிய வீட்டைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய பணம் வேறு என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பல மாதத் தவணைக்குச் சமமான தொகை ஒன்று தனியாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். அது பாங்கிலேயே இருக்க வேண்டும். கடன் பாதியாவது தீரும்வரை பாங்கின் அனுமதியில்லாமல் அதை எடுக்க மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தொகையைக் காட்டினால் கடன் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். பீரோவில் சட்டைக்கடியில் அந்தத் தொகை இருந்தது.

என் மனைவிக்கு நான் சொல்லுமுன்பே புரிந்துவிட்டது. "அது அவரு காசு" என்றாள்.

"தெரியும். எடுக்கப் போறதில்லே. காட்டத்தான்."

"காட்டறதுக்கு எடுத்துத்தானே ஆவணும்?"

"பீரோவுல இருந்தா என்ன, பாங்குல இருந்தா என்ன? அவரு போறதுக்கு இன்னும் வருசம் இருக்குது. அதுக்குள்ள வாடகையிலயே நம்ம கையிருப்பு சேந்துடும். அவரு காசு அப்படியே வெளிய வந்துடும்."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்."

"கேட்டா பாங்குங்கிற பேரையே கேக்கமாட்டாரு."

அவள் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் தன்னுடையதைக் கொடுத்தாள்; நான் என்னுடையது அல்லாததைக் கொடுத்தேன். பாங்கில் அவர்கள் நீட்டிய காகிதத்தில் பணத்தை எடுக்கக் கூடாது என்ற வரியை இரண்டு முறை படித்தேன். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். புரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் சில மாதங்கள் நன்றாகப் போயின. ஒரு பக்கத்தில் பஸ் டிரைவர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மெத்தடிஸ்ட் சபைக் கிறிஸ்தவர், தமிழர். அவர் தமிழில் பாதி ஹிந்தியாக இருக்கும். மறுபக்கத்தில் துறைமுகத்தில் வேலைபார்த்த இரண்டு பேர். முதல் வாடகைகளை வாங்கியபோது எனக்கும் தேநீர் வேறு ருசியாக இருந்தது என்பது உண்மை.

பிறகு துறைமுகத்து ஆட்கள் இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிசெய்துகொண்டு போய்விட்டார்கள். அந்தப் பக்கம் வெகுநாள் பூட்டிக் கிடந்தது. தரைப்பலகை உளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி நசினுவுக்குப் போய்ப் பலகை மாற்றுவேன், இருட்டியபின் திரும்புவேன். எனக்கு அந்த வருடங்களைப் பற்றி நினைவிருப்பது அலுப்புத்தான். எதையும் முடித்த நினைவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று காத்திருக்கும். அதன் மேல் மழைக்காலத்தில் ஒரு புயல் வந்து கூரையில் பாதியைக் கழற்றிப் பக்கத்துச் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் போட்டது.

பாங்கு மானேஜர் வருத்தப்பட்டார். "இதற்காகத்தான் அந்தக் கையிருப்பு" என்று சொல்லி, அதிலிருந்து எடுக்க அவரே அனுமதி கொடுத்தார். கூரைக்கு எடுத்தேன். தவணைக்கு எடுத்தேன். குத்தகைக்கு எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அண்ணனின் பணம் பாதியாகக் குறைந்தது. மீதியை எடுக்க எனக்கு உரிமை கிடையாது.

பெருநாளுக்கு அண்ணன் வருவார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்பார். "சட்டைக்கடியில இருக்குதா?"

"இருக்குதுண்ணே."

"சட்டை கிழிஞ்சிட்டா சொல்லு, வேற வாங்கித் தர்றேன்" என்று சிரிப்பார். என் மனைவி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அவர் புறப்படப்போகும் செய்தியை முன்கூட்டி எனக்குச் சொல்லி அனுப்பத்தான் செய்தார். தவுவாவுக்குப் போய்வந்த ஒருவர் வந்து, உங்கள் அண்ணன் இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறார், கப்பலில் சிட்னி, அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து ஹஜ் கப்பல் என்றார். நான் தெரிந்த வாத்தியார்களிடம் கடன் கேட்டேன். கொஞ்சம் கிடைத்தது. பாங்கில் கேட்டேன், மானேஜர் மாறியிருந்தார், புதியவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்போதாவது வட்டுகோலாவுக்குப் போய் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. எதுவோ நடந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் செய்யவேண்டியவை இருக்கின்றன. பாக்கி இருந்தால் தீர்க்க வேண்டும். மனம் நோகச் செய்திருந்தால் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். திரும்பி வரும்வரை குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு வழியில்லாதவர் மேல் ஹஜ் கடமையே இல்லை. பாங்கு மானேஜர் கேட்ட அதே கையிருப்புத்தான். அண்ணன் அதையெல்லாம் செய்து முடித்திருந்தார். பல வருடமாகப் பேசாமலிருந்த ஒரு சுரங்கத்து மேஸ்திரியின் வீட்டுக்குக்கூடப் போய்க் கையைப் பிடித்திருக்கிறார். அண்ணிக்கு அரிசி, மாவு, கைச்செலவு எல்லாம் வைத்தாயிற்று. வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. பள்ளிவாசலில் மாலை போட்டு, ஆளாளுக்குத் தழுவி, 'மக்காவுல எனக்காக துஆ செய்யுங்க' என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அப்போதே சிலர் ஹாஜி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். "இன்னும் போவல, போயிட்டு வந்தப்பறம் கூப்புடுங்க" என்று அவர் சொன்னாராம். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் பூரித்திருந்ததாம். அண்ணி பிற்பாடு சொன்னாள்.

என் வீட்டு வாசலில் புதுத் தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார். தாடி வளர்த்திருந்தார். அத்தர் வாசனை. மாலையைப் பஸ்ஸில் கழற்றாமலே வந்திருக்கிறார். அவர் உட்கார்ந்ததும் நான் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட இனி நாளில்லை. வீடு வாங்கியது, பாங்கில் வைத்தது, புயல், கூரை, தவணை எல்லாம் சொன்னேன். என் குரல் வகுப்பில் பாடம் சொல்வதுபோல இருந்தது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வட்டியிலயா போட்டே?"

"ஆமாண்ணே."

அவர் மாலையைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார்.

"எங்க இருக்குது அந்த வூடு?"

"நசினுவுல."

"அப்ப என் ஹஜ்ஜு நசினுவுலதான் இருக்குது. வா, பாத்துட்டு வரலாம்."

கேலியா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் பஸ் ஏறிப் போனோம். வீட்டின் முன்னால் இறங்கியதும் சாலையில் நின்று மேலே பார்த்தார். பாதிக் கூரை புதுத் தகரம், மீதி துரு. டிரைவர் வெளியே வந்தார். அவருக்கு என்னமோ விசேஷம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"வாங்க மாஸ்டர். பெரியவரு யாரு? வூட்ட விக்கப்போறீங்களா? வித்தா என்னயும் சேத்து வித்துடாதீங்க, எனக்குப் பஸ் ஸ்டாப்பு கிட்ட."

"என் அண்ணன்."

அத்தர் வாசனையும் தாடியும் பார்த்து டிரைவர் புரிந்துகொண்டார். "ஹஜ்ஜுக்குப் போறாரா? அச்சா, அச்சா! எங்களுக்கும் வேண்டிக்கங்கய்யா. சாமி ஒண்ணுதானே."

அண்ணன் அவர் தோளைத் தொட்டார். "கூரை ஒழுவுதா தம்பி?"

"புதுசு ஒழுவலே. பழைய பாதிதான், மழை வந்தா சட்டி வச்சிக்கிறோம்."

"அதயும் மாத்தச் சொல்லு. காசு பாதிதான் போயிருக்குது, இன்னும் இருக்குது."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்காகச் சிரித்தார். அவர் மனைவி கொண்டுவந்த தேநீரை அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து முழுவதும் குடித்தார். மறுநாள் அதே பெட்டியோடு வட்டுகோலாவுக்குப் பஸ் ஏறினார். நானும் வருகிறேன் என்றேன். "எதுக்கு? மால போடுறதுக்கா?" என்றார்.

ஊரில் அவர் என்ன சொன்னார் என்றால், ஒன்றும் சொல்லவில்லை. என் பெயர் வரவே இல்லை. கப்பல் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சுரங்கத்தில் வாய் சும்மா இருக்குமா? அவருக்கு 'சுவா ஹாஜி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மக்காவுக்கென்று புறப்பட்டு சுவா வரை போய்வந்த ஹாஜி. ஷிப்டு மாறும்போது, "சுவா ஹாஜி, ஜம்ஜம் தண்ணி எங்க? அந்தப் பக்கத்து ரேவா ஆத்துத் தண்ணியாவது கொண்டாந்தியா?" என்பார்களாம். அவரும் முதலில் சிரித்திருக்கிறார். பிறகு தாடியை எடுத்துவிட்டார். அப்புறமும் பெயர் போகவில்லை. எங்கள் அண்ணன் மகனைப் பள்ளிக்கூடத்தில் சுவா ஹாஜியின் பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டை விற்க எனக்குப் பல வருடமாயிற்று. குத்தகை நிலத்தில் இருக்கும் வீட்டுக்கு வாங்குபவர் கிடைப்பது லேசில்லை. அனுமதிகளும் வாங்க வேண்டும். ஆனால் அதற்குள் நசினுவில் வீடுகள் பெருகி, விலை ஏறியிருந்தது. பாங்குக் கடனைத் தீர்த்தபின் அண்ணனின் தொகையும், அதற்கு மேலும் என் கையில் நின்றது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வட்டுகோலாவுக்குப் போனேன். இப்போது நினைத்தால், அந்தப் பஸ்ஸில் நான் கொஞ்சம் பெருமையாகக்கூட உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் மெலிந்திருந்தார். பேசினால் இடையில் இருமல் வந்தது. பணத்தை அவர்முன் வைத்தேன். எண்ணச் சொன்னார், எண்ணினேன். அவர் கொடுத்த கணக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது என்னோடது. மீதிய எடுத்துக்கோ."

"அண்ணே, கப்பல் எல்லாம் நின்னுபோச்சி. இப்ப ஏரோப்ளேன்தான். உங்க காசு சிட்னி தாண்டாது. இதயும் சேத்தாத்தான் போவ முடியும்."

"அமானிதம் வளராதுடா. வச்சது வந்தா போதும். மேல இருக்கிறது வாடகையும் வட்டியும் போட்ட குட்டி."

"மௌலவிகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். பேசி வைக்காம, நானா சந்தோசமாக் குடுத்தா வாங்கலாம்னாரு."

"அப்ப அவரக் கூட்டிக்கினு போ."

அண்ணி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "வாங்கிக்கங்களேன். வீம்பு புடிச்சி யாருக்கு என்னா ஆவப்போவுது? ஊரு சிரிச்சது போதாதா?"

"ஊரு சிரிச்சது நான் போவலேன்னு. அல்லா சிரிக்கிறாப்பல நான் போவ மாட்டேன்."

"அப்ப நான் உங்களுக்காகப் போயிட்டு வர்றேன்" என்றேன். உடம்பு முடியாதவருக்காக இன்னொருவர் போய்வரலாம் என்பது எங்களில் உண்டு.

அவர் இருமிக்கொண்டே சிரித்தார். "ஒனக்கே நீ இன்னும் போவல. மொதல்ல ஒன்னோடத முடிச்சாத்தானே அடுத்தவனுக்குப் போவலாம்? வாத்தியாரு, இது தெரியாதா?" பிறகு மேசைமேல் மீந்திருந்த பணத்தைப் பார்த்து, "அந்தக் காச எந்தப் பள்ளியாசலுக்காவது கக்கூசு கட்டக் குடு. வட்டிக் காசுக்கு அதான் எடம்" என்றார்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கோபம் என்மேல் மட்டும் இல்லை என்று தெரிந்தது. அவர் ஒத்துக்கொண்டிருந்தால் போயிருக்கலாம். சொல்லப்போனால் எனக்கும் அவர்மேல் கோபம் வந்தது. திரும்பி வருகிற பஸ் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். தவறு செய்தவனுக்கு, அதைச் சரிசெய்ய விடாதவர்மேல் எவ்வளவு கோபம் வருகிறது என்று அன்று பார்த்தேன்.

இரண்டு மழைக்காலம் கழித்து அண்ணன் மார்புநோயில் இறந்தார். குடியிருப்பு கம்பெனியுடையது, அண்ணி காலிசெய்ய வேண்டியிருந்தது. பெட்டியில் அவர் திரும்ப வாங்கி வைத்திருந்த பணத்தைக்கொண்டு அவள் மகனோடு நசினுவுக்கு வந்து ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஹஜ்ஜுக்கென்று சேர்த்த காசு, கடைசியில் யாரோ ஒருவருக்கு நசினுவில் வாடகையாகப் போயிற்று. அண்ணி அந்த வீட்டு உரிமையாளரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மீதிப் பணத்தை நான் பயன்படுத்தவில்லை. நசினுவில் புதிதாக எழும்பிய பள்ளிவாசலுக்குக் கழிப்பறைகளும் தண்ணீர்த் தொட்டியும் கட்டக் கொடுத்தேன். அண்ணன் சொன்ன அதே காரியத்துக்கு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கையில் வந்த பணத்தில் ஹஜ்ஜுக்குப் போனேன். அது நான் வகுப்பில் நின்று சம்பாதித்தது. அதில் வேறு எதுவும் கலக்கவில்லை. என்னுடைய கடமையை முடித்துவிட்டு, அடுத்த முறை அண்ணனுக்காகப் போக வேண்டும் என்பது எண்ணம். ஹஜ்ஜின் முக்கிய நாளில் அரஃபா மைதானத்து வெயிலில் நின்று என் மன்னிப்பைக் கேட்க நினைத்தேன். கண்முன் வந்ததெல்லாம் நசினு வீட்டின் கூரைதான். பாதி புதுசு, பாதி துரு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊர் திரும்பியதும் காலில் வாதம் வந்தது. இன்னொரு பயணம் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுவாவில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே போய்வந்தவர், மறுபடியும் போகவிருந்தார். செலவைக் கொடுத்தால் அண்ணனுக்காகச் செய்கிறேன் என்றார். ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்ததைக் கணக்குப் பார்த்துக்கொண்டு அண்ணியிடம் சம்மதம் கேட்கப் போனேன். அவள் மகன் மினிபஸ் ஓட்டுகிறவன், சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் தமிழ் அவனுக்குப் பாதிதான் விளங்கும். அவன் அம்மா பதில் சொல்லுமுன், "சோட் தோ சாச்சா" என்றான், விட்டுவிடுங்கள் என்று. அவன் குரலில் கோபமில்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டிய களைப்புத்தான் இருந்தது.

அண்ணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"வேணாம் தம்பி" என்றாள். "அவுரு போவல. அது அப்படியே இருக்கட்டும். வேற யாரோ போயிட்டு வந்து, அவுரு போனாப்பல ஆக்க வேணாம். அவுருக்கு ஏன் போவ முடியலேன்னு அல்லாவுக்குத் தெரியும். அந்தக் கணக்க நீயும் நானும் அடைக்க வேணாம்."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது எல்லோரும் என்னை ஹாஜி என்று கூப்பிடுகிறார்கள். கடைத்தெருவில், பஸ்ஸில், பள்ளிவாசலில். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அடக்கம் என்று நினைத்து முன்னைவிட மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு நாலைந்து பேரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர்கள் கேட்டுவிட்டு, பழைய கதை, அல்லா மன்னிப்பான் என்று சொல்லி, எனக்குச் செருப்பை எடுத்து வைத்தார்கள். அடுத்த வாரமும் ஹாஜிதான்.

அண்ணி மட்டும் இன்றுவரை அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டதில்லை. தம்பி என்கிறாள், பழையபடி. கால் ஒத்துழைக்கும் வாரங்களில் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போகிறேன். அதிகம் பேசுவதில்லை. தேநீர் கொடுப்பாள், குடித்துவிட்டு வருவேன்.